செஞ்சிக்கோட்டை: எட்டு வருசம் தாங்கியது, அப்புறம் ஒரே ராத்திரியில் விழுந்தது. எப்படி?

நாழிக்கிணறு:
முகலாயப் படை செஞ்சிக்கு வந்து சேர்ந்தது 1690. சிவாஜியின் மகன் ராஜாராம் கையிலிருந்து கோட்டை போனது 1698 தொடக்கத்தில். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரு பகல், ஒரு ராத்திரிக்குள் எடுத்துவிட்டார். இடையில் 52 வருசம்தான். மலை அதே மலை, மதில் அதே மதில், அகழியும் அதுவே.

"ஐரோப்பியப் பீரங்கி வந்துவிட்டது" என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. புஸ்ஸியிடம் இருந்தது படையோடு இழுத்துப் போகிற சிறு பீரங்கிகள். வெளிமதிலின் தடிமன் சில இடங்களில் 60 அடி, அகழியின் அகலம் சுமார் 80 அடி. அந்தப் பீரங்கியை வைத்துச் சுட்டால் மதிலில் தூசிதான் தட்டலாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைக்கட்டு:
கேள்வியை முதலில் திருத்திவிடலாம். எட்டு வருசம் முழுக்க விடாமல் முற்றுகை நடக்கவில்லை.

முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் வந்தார். அடுத்த வருசம் அவர் தகப்பனார் அசத்கானும் ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷும் வந்து சேர்ந்தார்கள். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் படைகள் வடக்கிலிருந்து இறங்கின. காஞ்சிபுரத்து முகலாயப் பௌஜ்தார் (படை அதிகாரி) அலி மர்தான் கான் பிடிபட்டார். முகலாய முகாமுக்குத் தானியம் வரும் வழி அடைபட்டுப் பஞ்சம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் காம்பக்ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று தெரிந்து, பாதுஷா மகனையே கைது செய்து காவலில் வைத்தார்கள். 1693 ஜனவரியில் பெரிய பீரங்கிகளைத் தாங்களே பாழாக்கிப் போட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். அப்புறம் வருவதும் போவதும், தஞ்சாவூர்ப் பக்கம் கப்பம் வசூலிப்பதும்தான். தீவிரமான தாக்குதல் மறுபடி நடந்தது 1697 கடைசியில். அது ஆரம்பித்துச் சில மாதங்களுக்குள் கோட்டை விழுந்துவிட்டது.

அந்தப் படையிலேயே இருந்த பீம்சேன், பந்தேலா ராஜபுத்திரத் தலைவர் ஒருவரின் சேவகர், எழுதியது இன்னும் கூர்மையானது. ஜுல்பிகர் மனது வைத்திருந்தால் வந்த அன்றைக்கே பிடித்திருப்பார், தளபதிகளுக்கு வேலையை இழுத்தடிப்பதே வழக்கம் என்கிறார். கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு எழுதியிருக்கலாம். ஆனால் ராஜாராம் கோட்டை விழும் முன்பே வேலூருக்கு நழுவியதைப் பார்த்தால் அவர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை.

ரசமட்டம்:
கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலையையும் இணைக்கும் மதிலின் நீளம் சுமார் 13 கி.மீ. உள்ளே 11 சதுர கி.மீ. இரண்டு மீட்டருக்கு ஓர் ஆள் என்று மதில் மேல் நிறுத்தினாலே 6,500 பேர் வேண்டும். அது ஒரு முறைக்குத்தான். ராத்திரி பகல் மூன்று முறை மாற்ற 19,500 பேர். வாசலுக்கு, மலைக்கு, தண்ணீர் சுமக்க, சமைக்க ஆள் தனி.

முற்றுகை போடுபவனுக்கும் இதே தலைவலிதான். குண்டு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டுமென்றால் அவன் வளையம் 13 கி.மீ.யை விடப் பெரிதாக இருக்க வேண்டும். சுற்றிலும் பாறைக்குன்று, முள்காடு. 1690-களில் அந்த வளையம் ஒரு நாளும் முழுசாக மூடவில்லை. மூடாத வளையத்துக்குள் அரிசி வரும், ஆள் வரும், சேதி வரும்.

ஆக இந்தக் கோட்டைக்கு ஆள் இருந்தால் அதன் பரப்பே பலம். ஆள் இல்லாவிட்டால் அதே பரப்புதான் ஓட்டை.

நாழிக்கிணறு:
சரி. ஆனால் 1750-இல் உள்ளே ஆள் இல்லை என்று சொல்ல முடியாதே? ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் படை ஆயிரக்கணக்கில் அங்கேதானே போய் ஒதுங்கியது?

ஓலைக்கட்டு:
ஒதுங்கியது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். திருவதிகைப் பக்கம் தோற்று ஓடி வந்த கூட்டம் அது. காவற்படை என்றால் எந்த மதில் யாருடையது, எந்தத் திட்டிவாசல் சாவி யாரிடம் என்று பழகியிருக்க வேண்டும். இவர்கள் கோட்டைக்கு வெளியே நின்று புஸ்ஸியோடு மோதி, அங்கேயும் உடைந்து, வாசலை நோக்கி ஓடினார்கள். விரட்டிக்கொண்டே பின்னால் வந்தவர்கள் வாசலுக்கு வெடி வைத்துப் பிளந்து உள்ளே புகுந்துவிட்டார்கள். மதிலை உடைக்கவே இல்லை. 60 அடிக் கனம் ஒரு பொருட்டாகவே இல்லாமல் போய்விட்டது, ஏனென்றால் வாசல் கதவின் கனம் மரத்தின் கனம்தான்.

உள்ளே புகுந்த பிறகு மூன்று மலை உச்சியிலிருந்தும் குண்டு பொழிந்தது. நிலா மறையும்வரை தெருவிலேயே பதுங்கியிருந்தார்கள். இருட்டியதும் மூன்று மலைக்கும் ஒரே நேரத்தில் மூன்று பிரிவு. ஏணி போட்டும் வாசலுக்கு வெடி வைத்தும் ஏறினார்கள். பொழுது விடியும்போது மூன்றிலும் பிரெஞ்சுக் கொடி.

ஒரே நேரத்தில் என்பதைக் கவனியுங்கள். செஞ்சியின் தற்காப்புக் கணக்கே, ஒரு மலை விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கும் என்பது.

வராகநதி:
ராஜகிரி உச்சிக்கு முன்னால் இருக்கும் அந்தப் பிளவைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயம். 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த பிளவைத்தான் வெட்டி அகலப்படுத்தியிருக்கிறார்கள். அதன் மேல் மரப்பாலம், அதைத் தாண்டினால் உடனே வாசல். பத்துப் பேர் இருந்தால் எவ்வளவு பெரிய படையையும் நிறுத்தலாம் என்று வெள்ளைக்காரர்களே எழுதி வைத்தார்கள்.

ஆனால் அந்தப் பத்துப் பேர் பாலத்தை இழுக்க வேண்டுமே. கீழேயிருந்து சொந்தப் படையாட்கள் நூறு பேர் "திற, திற" என்று ஓடி வரும்போது, இருட்டில் அவர்களுக்குப் பின்னால் வருபவன் எவன் என்று தெரியாதபோது, பாலத்தை இழுக்க யாருக்குக் கை வரும்? மலைக்கோட்டைகள் இப்படியும் விழும்.

மதில்பூனை:
பிரெஞ்சுக்காரன் பிடித்த பிறகு நடந்ததும் இந்த இழைக்குத் தேவை. பிடித்தது ஒரு ராத்திரி, பிடித்து வைத்திருந்தது சுமார் பத்து வருசம். ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே வைத்ததில்லை. ஆனால் மொத்தம் 1,200 பேர் காய்ச்சலில் செத்ததாக அந்தக் காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். சண்டையில் இல்லை, நோயில். சுற்றிலும் சூடேறும் பாறை, நடுவில் தேங்கும் குளம், அகழியில் அசையாத தண்ணீர். கொசுவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

1752-இல் இங்கிலீஷ்காரர்கள் மேஜர் கின்னியரை அனுப்பினார்கள். அவர் கோட்டையைப் பார்த்தார், திரும்பிவிட்டார். போகிற வழியில் விக்கிரவாண்டியில் அடி வாங்கியதுதான் மிச்சம். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்த பிறகு செஞ்சி அநாதை. கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்து வளைத்தார், ஏப்ரலில் சரணடைந்துவிட்டது. துணைக்கு வெளியே படை இல்லாத கோட்டைக்கு வெறும் காத்திருப்பே போதும்.

பட்டாணிச்சாவடி:
ராஜா தேசிங்கை விட்டுவிட்டீர்களே! 1714!

ஓலைக்கட்டு:
விடவில்லை, அது இந்தக் கேள்விக்கு நேர் எதிர்ப்பக்கம். முகலாயருக்குப் பிறகு செஞ்சியை ஆண்ட பந்தேலா சொரூப்சிங் இறந்த பிறகு மகன் தேஜ்சிங், அதாவது நம் தேசிங்கு, ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குக் கப்பப் பாக்கி கட்ட மறுத்தார். 1714 அக்டோபரில் சில நூறு குதிரைகளோடு கோட்டையை விட்டு வெளியே வந்து, வெள்ளம் போன சங்கராபரணியைத் தாண்டிப் போய்ப் பெரிய படையோடு மோதி மாண்டார். தெருக்கூத்தும் கதைப்பாட்டும் அந்த வீரத்தைப் பாடுகின்றன. நீலவேணிக் குதிரை, மோவுத்துக்காரன் நட்பு எல்லாம் அங்கே. படைத்துறைக் கண்ணோடு பார்த்தால் வேறு ஒன்று தெரியும்: சில நூறு பேரை வைத்து 13 கி.மீ. மதிலைக் காக்க முடியாது. ரசமட்டம் போட்ட கணக்கு அவருக்கும் தெரிந்திருக்கும். மேல்கோட்டையில் போய் அடைந்துகொள்வது இன்னொரு வழி. அவர் தேர்ந்துகொள்ளவில்லை.

பட்டாணிச்சாவடி:
மேலே அடைந்துகொண்டால் எத்தனை நாள் தாங்கலாம்? அதற்கும் கணக்கு இருக்கிறதா?

ரசமட்டம்:
ஆயிரம் பேர் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி என்றால் வருசத்துக்கு 365 டன். நெல்லாகச் சேமித்தால் சுமார் 550 டன். நெல் ஒரு கன மீட்டருக்கு 580 கிலோ சுமார் பிடிக்கும், ஆக 950 கன மீட்டர் இடம். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்பதரை மீட்டர் உயரம் கொண்ட ஒரு அறை. ராஜகிரி அடிவாரக் களஞ்சியங்களைப் பார்த்தால் இது எட்டாத கனவில்லை. சுவர் அத்தனை கனமாக இருப்பது பகைவனுக்காக மட்டுமில்லை. குவித்த நெல் பக்கவாட்டில் தள்ளும், மேலே செங்கல் வளைகூரையும் சுவரை வெளியே உதைக்கும். இரண்டையும் தாங்கத்தான் அந்தக் கனம்.

தண்ணீர் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளுக்கு 5,000 லிட்டர். ராஜகிரி மேலேயே வற்றாத சுனை இருப்பதால் ஆயிரம் பேருக்குச் சமாளிக்கலாம். குதிரை ஒன்றுக்கு 30 லிட்டருக்குக் குறையாது, அது மேலே நடக்காத காரியம். குதிரைப்படை ராஜாவுக்கு உச்சி ஒரு சிறைதான்.

கடுக்காய்த்தண்ணி:
தண்ணீர்ப் பேச்சு வந்ததால் கல்யாண மகாலைப் பற்றி. "ஆறாவது மாடிக்குத் தண்ணீர் தானாக ஏறியது, பம்பு இல்லாத காலத்து அதிசயம்" என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. உள்ளது என்ன என்பதைச் சொல்கிறேன்.

சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவில் எட்டு அடுக்குக் கோபுரம், உயரம் சுமார் 80 அடி, தலையில் பிரமிடு மாதிரிக் கூரை. முதல் ஆறு அடுக்கும் ஒரே அச்சு: நடுவில் எட்டடிச் சதுர அறை, சுற்றி வளைவுத் தாழ்வாரம், மேலே போகக் குறுகிய படி. ஏழாவதில் தாழ்வாரம் இருந்து விழுந்த அடையாளம் மட்டும். எட்டாவது சின்னது. சுட்ட மண்குழாய் ஒன்று ஆறாவது அடுக்குவரை சுவருக்குள் ஏறுகிறது. ஏறத்தாழ 500 கெஜத்துக்கு அப்பாலிருக்கும் நீர்நிலையிலிருந்து வந்த இணைப்பு அது.

ஆறாவது அடுக்கின் தளம் 50 அடி, அதாவது 15 மீட்டர். தண்ணீர் தானாக அங்கே ஏற, மூல நீர்மட்டம் 15 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும். அடிவாரக் குளத்தின் மட்டம் அதற்குக் கீழே என்றால் ஆண்டவனே வந்தாலும் ஏறாது. மலைச்சரிவில் மேலே ஒரு தொட்டி இருந்தால் ஏறும். ஏற்றமோ, மாடு கட்டி இறைக்கும் கவலையோ போட்டு அந்தத் தொட்டியை நிரப்பினாலும் ஏறும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, லெவல் வேலை.

உண்மையான சாமர்த்தியம் குழாய் அடியில் மடங்கி மேலே திரும்பும் முழங்கையில் இருக்கிறது. 15 மீட்டர் நீர்த்தம்பம் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோ அழுத்தும். 10 செ.மீ. குழாய் என்று வைத்தால் முழங்கையின் ஒவ்வொரு வாயிலும் கிட்டத்தட்ட 118 கிலோ தள்ளல். வெறும் மண்குழாய் மூட்டு அன்றே பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் குழாயைச் சுண்ணாம்புக் கட்டுக்குள் புதைப்பது. சுவர்தான் குழாயைப் பிடித்திருக்கிறது. சுவரில் ஒரு விரிசல் விழுந்தால் குழாயும் போச்சு, கசிவு சுவரையும் தின்னும்.

மதில்பூனை:
அருமை. மதிலிலேயே எது நாயக்கர், எது பீஜப்பூர், எது மராட்டியர் என்று எப்படிப் பிரிப்பது? வழிகாட்டிகள் எல்லாவற்றையும் "சிவாஜி கட்டினது" என்கிறார்கள்.

ஓலைக்கட்டு:
ஆட்சி வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். 1200-ஐ ஒட்டி ஆனந்தக்கோன், பிறகு கிருஷ்ணக்கோன். இது பிற்காலச் சுவடி சொல்லும் மரபு. பிறகு விஜயநகரம், அதன் கீழ் நாயக்கர்கள். 1649 பீஜப்பூர். 1677 சிவாஜி. 1698 முகலாயர், அப்புறம் பந்தேலாக்கள், 1714 ஆற்காட்டு நவாபு, 1750 பிரெஞ்சு, 1761 இங்கிலீஷ், 1780-இல் ஹைதர் அலி. பெயரும் கூடவே மாறியது: பீஜப்பூராருக்குப் பாதுஷாபாத், முகலாயருக்கு நுஸ்ரத்கட்.

கோன்கள் காலத்தது என்று விரல் வைத்துக் காட்ட இன்று மதில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பகுதி மதிலும் களஞ்சியமும் கோயிலும் நாயக்கர் காலம். 1590-களின் கடைசியில் வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர போர்த்துகலில் இத்தனை பெரிய நகரம் இல்லை என்று எழுதினார். அப்போதே ஊர் அவ்வளவு. சிவாஜி 1677-க்குப் பிறகு வெளிமதிலையும் அகழியையும் கொத்தளங்களையும் பலப்படுத்தினார். அதையும் பாதிரிமார் கடிதமே சொல்கிறது, ஐரோப்பியப் பொறியாளர் வேலை மாதிரி இருக்கிறது என்று.

கடுக்காய்த்தண்ணி:
கல்லைப் பார்த்துச் சொல்லும் முறை: சாந்தே இல்லாமல் பொருத்திய பெரிய செதுக்குக் கற்கள், கல்லின் பின்முனை உள்ளே மண்ணுக்குள் நீளும்படி, நடுவில் மண்ணும் ஜல்லியும் என்றால் அது பழைய அடுக்கு, நாயக்கர் கை. அதன் மேல் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, துப்பாக்கிக்கான சரிவுத் துளை வந்தால் பின்னால் ஏற்றியது. துளை உள்பக்கம் அகன்று வெளிப்பக்கம் குறுகிக் கீழ்நோக்கிச் சாயும். மதில் அடியில் வருபவனைச் சுட அந்தச் சாய்வு. சதுரக் கொத்தளத்தைச் சுற்றி அரைவட்டம் ஒட்டியிருந்தால் மூட்டை உற்றுப் பாருங்கள். கல்வரிசை ஒன்றுக்குள் ஒன்று பூட்டாமல் நேர்கோட்டில் பிரிந்தால் இரண்டும் ஒரே காலமில்லை. அந்த ஒரு கோடு பத்துப் பக்கம் வரலாற்றுக்குச் சமம்.

பட்டாணிச்சாவடி:
அப்படியிருக்க, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் "மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்" என்ற பெயரில் சேர்த்தது என்ன நியாயம்?

நாழிக்கிணறு:
பன்னிரண்டு கோட்டைகளை ஒரு கருப்பொருளில் கட்டினார்கள், பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. கருப்பொருளுக்குப் பொருந்தாமல் இல்லை. 1689-இல் ராய்கட் விழுந்த பிறகு மராட்டிய அரசு உயிர் பிழைத்ததே செஞ்சியில்தான். ஆனால் அங்கே வைக்கும் பலகையில் நாயக்கர் பெயர் சின்ன எழுத்தில் வந்தால் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இழைக்காவல்:
பெயர்ச் சண்டை போதும். வேண்டுமானால் தனி இழை திறக்கலாம். இங்கே கல்லும் கோட்டையும் மட்டும்.

வராகநதி:
சிதைவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெங்கடரமணர் கோயிலின் ஒரே கல்லாலான உயரத் தூண்கள் பிரெஞ்சுக்காலத்தில் புதுச்சேரிக்குப் போய்விட்டன என்பது தெரிந்ததே. கடற்கரையில் நிற்பவை அவையே. ஆனால் இப்போது மதில் விழுவதற்குக் காரணம் வேறு.

கடுக்காய்த்தண்ணி:
இரண்டு காரணம். ஒன்று மழை. மேல்தளப் பூச்சு போனதும் தண்ணீர் மண் நடுவுக்குள் இறங்கும். வெளிக்கல்லில் சாந்து இல்லாததால் முன்பெல்லாம் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியேறிவிடும். எங்கோ ஒரு காலத்தில் யாரோ இடுக்கில் சிமெண்ட் அடைத்திருந்தால் போச்சு. தண்ணீர் உள்ளே நின்று மண் ஊதி, மதில் வயிறு தள்ளும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு மழைக்காலத்தில் கல்வரிசை மொத்தமாகச் சரியும்.

இரண்டாவது அரசும் ஆலும். மேலே வெட்டினால் வேர் இரண்டு மடங்கு வீம்போடு கிளம்பும். வேரைக் கொன்றபின்தான் கல்லைப் பிரித்து எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். கற்களுக்கு எண் போட்டுப் பிரிக்காவிட்டால் திரும்பப் பொருந்தாது.

செங்கல் பாகத்துக்கு ஊறவைத்துச் சலித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணலும் செங்கல்தூளும் சேர்ந்து இரண்டு பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். பூசிய பிறகு ஈரச்சாக்கு போட்டுக் குறைந்தது ஒரு வாரம் நனைக்க வேண்டும். வெயில் நேரத்தில் பூசினால் மேல்தோல் காய்ந்து மயிரிழை வெடிப்பு விழும், உள்ளே மாவாகவே இருக்கும்.

மதில்பூனை:
நேரில் போகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்லுங்கள். எல்லோரும் ராஜகிரி ஏறி இறங்கிவிட்டு முடிந்தது என்கிறார்கள்.

வராகநதி:
திண்டிவனம்–திருவண்ணாமலை சாலை கோட்டைக்குள்ளேயே போகிறது. ராஜகிரிக்கு மதியம் 3 மணிக்கு மேல் ஏறவிடமாட்டார்கள், அதனால் காலையில் அதுவே முதல். ஏற ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில், உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, துருவேறாமல் கிடக்கும் பீரங்கி. அதில் 7560 என்று பொறித்திருக்கும். தண்ணீர் பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள், குரங்கு பிடுங்கும்.

இறங்கியதும் சக்கரைக்குளத்துப் பக்கம் கைதிக் கிணறு. அது கிணறு இல்லை, ஒரு பெரும்பாறையின் மேல் இன்னொரு பாறை, அதற்குள் இயற்கைக் குழி, விளிம்பில் சின்னச் செங்கல் சுவர். மேலிருந்து போட்டுவிட்டால் பட்டினிதான். செட்டிக்குளம் பக்கத்தில் 15 அடிச் சதுரமும் ஐந்து அங்குலக் கனமும் கொண்ட ஒற்றைக் கல் பலகை கிடக்கும். உட்கார்ந்து செல்பி எடுத்துவிட்டுப் போகிறார்கள். அத்தனை பெரிய கல்லை அவ்வளவு மெல்லிசாக உடையாமல் பிளந்து எடுத்ததுதான் அங்கே பார்க்க வேண்டியது.

சாயங்காலம் சாய்வெயிலில் அடிவாரப் பாறைகளைப் பாருங்கள். கல்லைப் பிளக்க ஆப்பு அடித்த குழிகள் வரிசையாகத் தெரியும். உச்சிவெயிலில் நிழல் விழாது, ஒன்றும் தெரியாது.

ரசமட்டம்:
கிருஷ்ணகிரியை விடாதீர்கள். ஏற்றம் குறைவு, கூட்டமும் இருக்காது. அங்கே நின்று ராஜகிரியைப் பார்த்தால்தான், இரண்டு மலையும் ஒன்றுக்கொன்று எப்படிக் காவல் என்பதும், நடுவில் இருந்த சமவெளியை இருட்டில் மூன்று பிரிவாகக் கடந்தவர்கள் எந்தப் பக்கமாகப் போயிருப்பார்கள் என்பதும் பிடிபடும்.